கோழிக்கு எங்கே எழுதியிருக்கிறது?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மங்களூரில் மெயின் ரோட்டை ஒட்டிக் கொல்லைக்காடாக இருந்த இடத்தை மனை போட்டு விற்றார்களே, அங்கே வீடு கட்டிக் குடிவந்தவர்கள். நானும் அங்கேதான் இருக்கிறேன். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் வாத்தியார், மூன்றாமவர் சிங்கப்பூரில் 18 வருஷம் இருந்து சம்பாதித்துத் திரும்பியவர்.

"சார், நீங்க முனிசிபாலிடியில இருந்தவரு. நம்ம நகர்ல யாரும் கோழி வளக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் எழுதிக் குடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஊராட்சியில குடுத்துடலாம்" என்றார் வங்கிக்காரர்.

காரணங்களையும் அடுக்கினார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கே சேவல் கூவுகிறது. மல்லிகைப் பாத்தியைக் கிளறிப் போடுகிறது. வாசல் டைல்ஸில் எச்சம். முட்டைக்குப் பாம்பு வருகிறது. "சிங்கப்பூர்லல்லாம் இதுக்கு இடமே கிடையாது சார்" என்றார் மூன்றாமவர்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து எங்கள் வீட்டுச் சேவல் கூவியது. மூவரும் காதில் விழாததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மனைவி ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறாள். விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட பீங்கான் கிண்ணங்கள்தான் அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி. இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் கிடையாது.

"ரெண்டு வாரம் டயம் குடுங்க" என்றேன். குமாஸ்தாவுக்கு அது ஊறிப்போன பழக்கம். அந்த இரண்டு வாரத்தில் தேடிப் பார்த்ததும், நாற்பது வருஷமாகத் தெரிந்திருந்தும் யாரிடமும் சொல்லாததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

சர்க்கார் சட்டத்தில் கோழி எங்கே வருகிறது என்று முதலில் பார்ப்போம். பழைய ஆட்களுக்குப் பவுண்டு ஞாபகம் இருக்கும். மாடு பயிரில் இறங்கினால் ஓட்டிப்போய் அடைத்துவிடுவார்கள். காசு கட்டி மீட்க வேண்டும். அதற்கு அடிப்படை 1871-ஆம் வருஷத்துச் சட்டம். கால்நடை என்றால் எவையெல்லாம் அடங்கும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. யானை, ஒட்டகம், எருமை, குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, செம்மறியாடு, வெள்ளாடு, அவற்றின் குட்டி வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். கோழி இல்லை. யானை உங்கள் கம்பங்கொல்லையில் இறங்கினால் பவுண்டில் அடைக்கலாம்; பக்கத்து வீட்டுக் கோழி நாற்றங்காலில் இறங்கினால் வெள்ளைக்காரன் சட்டத்தில் உங்களுக்கு வழியில்லை. கல்லெடுத்து எறிவதும், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவதும்தான் நமக்கு வாய்த்த பரிகாரம்.

பிரெஞ்சுக்காரன் அப்படி விடவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன், அதனால் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். புரட்சி நடந்துகொண்டிருந்த 1791-லேயே அங்கே கிராமங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். ராஜாவை என்ன செய்வது என்று முடிவாகாத நேரம். அதிலும் கோழியை மறக்கவில்லை. அடுத்தவர் கோழி உங்கள் நிலத்தில் வந்து நாசம் செய்தால், அந்த இடத்திலேயே, நாசம் செய்துகொண்டிருக்கும்போதே, நீங்கள் அதைக் கொல்லலாம். துரத்திக்கொண்டு போய்க் கொல்லக் கூடாது, மறுநாள் கொல்லக் கூடாது. இன்றைக்கும் அவர்களுடைய கிராமச் சட்டத் தொகுப்பில் இது இருக்கிறது, கூடவே ஒரு நிபந்தனையும்: கொன்ற கோழியை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொல்லலாம், குழம்பு வைக்கக் கூடாது. இந்த ஒரு வரியை எழுதியவன் நிச்சயம் கிராமத்தில் பிறந்தவன்.

அவர்களுக்குக் கோழி என்றால் தனி மரியாதைதான். சேவல் அவர்கள் தேசத்தின் சின்னம். லத்தீனில் சேவலுக்கும் அந்த நாட்டுப் பழங்குடிக்கும் ஒரே சொல் என்பதிலிருந்து வந்த வழக்கம் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார். பிரெஞ்சுப் பாடத்தில் சேவல் 'கொக்கோரிக்கோ' என்று கூவும். வீட்டில் அது கொக்கரக்கோ. அகராதியைப் பார்க்காமல் எனக்கு முதல் நாளே விளங்கிய பிரெஞ்சு வார்த்தை அது ஒன்றுதான்.

இனி நம் நகராட்சிக்கு வருகிறேன். சென்னை நீங்கலாக மற்ற நகராட்சிகளுக்கெல்லாம் 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் ரொம்ப காலம் வேதம். பிராணி வளர்ப்பதைப் பற்றி அதில் மூன்று விஷயம் சொல்லியிருந்தது. நகராட்சி எல்லைக்குள் அனுமதி வாங்காமல் பன்றி வளர்க்கக் கூடாது. எந்தப் பிராணியையும் பிறருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ வைத்திருக்கக் கூடாது. பாலுக்கும் உணவுக்கும் உள்ள பிராணிக்கு அசிங்கத்தைத் தீனியாகப் போடக் கூடாது. அவ்வளவுதான். பெயர் சொல்லி அனுமதி கேட்டது பன்றிக்கு மட்டும். மூன்றாவதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டால் குப்பைமேட்டைக் கிளறும் ஒவ்வொரு கோழியின் சொந்தக்காரரும் குற்றவாளி. அப்படி யாரும் எடுத்துக்கொண்டதில்லை. கோழியைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றே ஒன்று: அது தொல்லையா, இல்லையா? அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன்.

1983. தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு நகரம்; பெயர் வேண்டாம். விருத்தாசலத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் அங்கே எழுத்தர். ஒரு தெருவில் தனியாக இருந்த ஆயா ஒருவர்மீது மனு வந்தது. நான்கு பெட்டை, ஒரு சேவல் வைத்திருக்கிறார், அதனால் நிம்மதி போயிற்று என்று பக்கத்து மாடி வீட்டுக்காரர் எழுதியிருந்தார். மனுதாரர் மேலே வேண்டியவர். "ஏதாவது ஒரு பிரிவைப் போட்டு முடிச்சு விடுய்யா" என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

எனக்கு இங்கிலீஷ் மூன்றாவது மொழி. வேலைக்கு வந்த பிறகு அகராதியை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டது. அதனாலேயே சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பிரிவு எடுத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஆபீசில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். பன்றிக்கு உள்ள பிரிவை எடுத்தேன். 'அனுமதியின்றி வளர்க்கக் கூடாத பிராணிகளை மேற்படியார் வளர்த்து வருவதால்' என்று குறிப்பு எழுதினேன். 'பிராணிகள்' என்று பொதுவாகப் போட்டுவிட்டால் அது பன்றியா கோழியா என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? நேரில் விசாரணை என்ற இடத்தில், செய்ததாக ஒரு வரி. கையெழுத்தாகி நோட்டீஸ் போயிற்று. ஏழு நாளில் அப்புறப்படுத்த வேண்டும்.

மறுநாளே ஆயா வந்துவிட்டார். சின்ன உருவம், நரைத்த தலையை அள்ளி முடிந்திருந்தார். கையில் நோட்டீஸ், நான்காக மடித்தது.

"தம்பி, ஒரு கோழி அடையில உக்காந்திருக்குது. வச்சு பன்னண்டு நாளு ஆவுது. குஞ்சு பொரிக்கிற மட்டும் வுடுப்பா. அப்புறம் நானே வித்துப்புடறேன்."

கோழி அடைக்கு 21 நாள். இன்னும் ஒன்பது நாள் பாக்கி. நோட்டீஸில் மிச்சம் இருந்தது ஆறு. மூன்று நாள்தான் வித்தியாசம். பெரிய அதிகாரிகூட வேண்டாம். தபாலைத் தாமதமாகப் பதிவு செய்தாலே அந்த மூன்று நாளை நான் கொடுத்திருக்கலாம். "அதெல்லாம் என் கையில இல்ல ஆயா, சட்டத்துல இருக்குது" என்றேன்.

"கோழி வச்சிருக்கக் கூடாதுன்னு எங்கப்பா எழுதியிருக்குது? காட்டு, பாக்கிறேன்."

புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தேன். என் விரலுக்குக் கீழே இருந்த வார்த்தை பன்றி. "இதோ, இங்க."

அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிப்பா. படிச்ச புள்ள, நீ பொய்யா சொல்லப் போற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரச் சந்தையில் எல்லாவற்றையும் விற்றுவிட்டாராம். அடையிலிருந்து எழுப்பிய கோழியை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். உடம்பு வற்றிப் போயிருக்கும். முட்டைகளை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து எங்கள் பியூன் சொன்னார்: "சார், அந்த ஆயா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிப்புட்டு வந்திருக்குது."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே முருகன்தான் நியாயாதிபதி. காணாமற்போன நகை, திரும்பி வராத கடன், பிரிந்து போன புருஷன் என்று எதுவானாலும் வெள்ளைத் தாளில் மனுவாக எழுதிச் சாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்தில் தீரும் என்று நம்பிக்கை. தீர்ந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் மனுக்களோடு குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ஆபீஸை விட அங்கே நடைமுறை சுத்தம்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மடித்துக் கட்டிய தாள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஆயா யாரிடம் சொல்லி எழுத வைத்தாரோ, எதிர்மனுதாரர் என்ற இடத்தில் மாடி வீட்டுக்காரர் பெயரா, அதிகாரி பெயரா, என் பெயரா, தெரியாது. பிரித்துப் பார்க்கும் துணிச்சல் எவனுக்கும் வராது. ஒன்று மட்டும் திரும்பி வரும்போது பஸ்ஸில் தோன்றியது. சூரபத்மனைப் பிளந்து ஒரு பாதியைச் சேவலாக்கித் தன் கொடியிலேயே ஏற்றிக்கொண்டவர் அவர். கோழி வழக்கில் இதைவிடப் பாதகமான நீதிபதி எனக்கு வாய்த்திருக்க முடியாது.

மூன்று மாதம் முடிவதற்குள் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி என்று போட்டிருந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. என் மனைவி போட்டாள். "போயி அந்தம்மாவப் பாத்துட்டு வாங்க" என்றாள். போகவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது; மகள் ஊருக்குப் போய்விட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள்.

அந்த நான்கு பெட்டையின் கணக்கை அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். நாட்டுக்கோழி வருஷத்துக்கு மூன்று நான்கு ஈடாக 60, 70 முட்டை இடும். பாதியை அடை வைத்தால் குஞ்சு. பருந்துக்கும் பூனைக்கும் கீரிக்கும் போனது போக மிச்சம் வளரும். தீனிச் செலவு நொய்யும் தவிடும் சோற்றுப் பருக்கையும். மருந்து வாங்க, பேத்திக்கு வளையல் வாங்க, திடீர்ச் சாவுக்குப் பஸ் சார்ஜ் கொடுக்க, யாரிடமும் கை நீட்டாமல் ஒரு கோழியைப் பிடித்து விற்றால் போதும். சிறுவாட்டுப் பணம் என்று நம் பெண்கள் சொல்லும் காசில் பாதி கோழிக் காசு. அந்த வீட்டில் நான் மூடியது ஒரு கோழிக்கூட்டை என்று நினைத்திருந்தேன்.

கோழியை வீட்டிலிருந்து விரட்டியது என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் மட்டும் அல்ல. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு அரசாங்கப் பெயர் ராணிக்கெட். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் கண்டறிந்தார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் தலைகாட்டியது. நம் ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு தெருவில் நுழைந்தால் ஒரு கூட்டையும் விடாது. நம் சிறுவயதில் ஒரே ராத்திரியில் பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் எல்லாம் செத்துக் கிடக்கும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுகிறார்கள். போட்டுக்கொண்டால் பிழைக்கும்.

அப்புறம் நாமக்கல் வந்தது. வெள்ளை லெகார்ன் கோழி வருஷத்துக்கு 300 முட்டை இடும் என்றால் நாட்டுக்கோழி எப்படிப் போட்டி போடும்? முட்டை கடைக்கு வந்தது, விலை மலிந்தது, அதில் ஏழைக்கு லாபம்தான். குறை சொல்ல மாட்டேன். எங்கள் மங்களூர், நல்லூர் ஒன்றியங்களின் மானாவாரி நிலத்தில் முன்பு கம்பும் வரகும் இருந்த இடமெல்லாம் இன்று மக்காச்சோளம். அறுவடைக்கு லாரி வந்து நிற்கிறது. பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குத்தான் போகிறது. ஊரே யாரோ ஒருவருடைய கோழிக்குத் தீனி விளைவிக்கிறது. அதே ஊரில் ஒரு பெட்டைக்கோழி தெருவில் நடந்தால் தீர்மானம்.

இதில் அரசாங்கத்தின் கணக்கு எனக்கு எப்போதும் வேடிக்கை. 2018-இல் ஊரகத்து ஏழைப் பெண்கள் 77,000 பேருக்கு ஆளுக்கு 50 நாட்டுக்கோழிக் குஞ்சு என்று திட்டம் அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒன்றியத்துக்கு 200 பேர். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கோழி வாழ்வாதாரம். நகராட்சிக் கோட்டைத் தாண்டி இருபதடி அந்தப் பக்கம் போனால் அதே கோழி சுகாதாரக் கேடு. ஆயா வீடு அந்த இருபதடியில் இருந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் சின்ன விஷயமில்லை. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்குக் கோழியிலிருந்து தொற்றி 6 பேர் இறந்தார்கள். ஊரில் இருந்த கோழிகளையெல்லாம் கொன்றார்கள். 2006-இல் வீட்டுக் கோழி வளர்ப்பையே அங்கே தடை செய்துவிட்டார்கள். அடுக்கு மாடியில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஊர் அது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதே 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவுக்குள் நோய் நுழைந்தபோது அது வந்தது பெரிய பண்ணைகளில். 2008-இல் மேற்கு வங்கத்தில் பரவியது வீட்டுக் கோழிகளில். ஆக இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. நோய்க்குப் பண்ணையும் புழக்கடையும் ஒன்றுதான்.

சிங்கப்பூரைத் தேடிப் பார்த்ததில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நண்பர் இடமே கிடையாது என்றாரே, அங்கே தரைவீட்டில் இருப்பவர்கள் வியாபாரத்துக்கில்லாமல் பத்துக் கோழி வரை வைத்துக்கொள்ளலாம். காட்டுப் பறவைகள் வந்து கலக்காதபடி வலைபோட்டு அடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் நடந்தது. 2017 ஆரம்பத்தில் சின் மிங் என்ற குடியிருப்புப் பகுதியில் திரிந்த கோழிகள் சத்தம் போடுகின்றன என்று சுமார் 20 புகார் வர, அதிகாரிகள் 24 கோழியைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். ஊரே கொதித்தது. அத்தனை ஒழுங்கான ஊரில் கோழிக்காகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள், பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. சத்தத்தைப் பற்றிப் புகார் செய்தவர் சிலர். சத்தம் நின்றதும் வருத்தப்பட்டவர் பலர்.

யுத்த காலத்தில் இங்கிலாந்தில் கோழி வைத்திருப்பவர் முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குக் கோழித்தீவனம் ரேஷனில் கிடைக்கும். பஞ்சம் வந்தால் நகரத்துக்கும் கோழி வேண்டியிருக்கிறது. வயிறு நிறைந்த பிறகுதான் கூவுவது காதில் விழுகிறது.

பிரான்சில் இப்போது தலைகீழ். 2012-இல் பின்சே என்ற சிறிய கிராமத்தில் விரும்பிய வீடுகளுக்கு இரண்டிரண்டு கோழி இலவசமாகக் கொடுத்தார்கள். 2015 முதல் கோல்மார் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். எதற்கு? குப்பையைக் குறைக்க. ஒரு கோழி வருஷத்துக்கு 150 கிலோ வரை சமையல் கழிவைத் தின்னும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. வாங்குகிறவர் ஒழுங்காக வளர்ப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பச்சைத் தொட்டி நீலத் தொட்டி என்று நாம் ஊருக்கு ஊர் பேட்டரி வண்டி விட்டுச் செய்கிற வேலையை அங்கே கோழியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் அதை ஒரு திட்டம் என்று நினைத்ததில்லை.

சேவல் விவகாரமும் அங்கே கோர்ட் வரைக்கும் போனது. ஒலெரோன் தீவில் மொரீஸ் என்று ஒரு சேவல். விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கம் கெடுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவல் கூவலாம் என்று தீர்ப்புச் சொல்லி, வழக்குப் போட்டவர்களையே ஆயிரம் யூரோ கொடுக்கச் சொன்னது. 2021 ஜனவரியில் கிராமத்தின் சத்தங்களையும் வாசனைகளையும் பாரம்பரியமாகக் காக்க ஒரு சட்டமே போட்டுவிட்டார்கள். மொரீஸ் அதற்கு முந்தின வருஷமே செத்துப் போயிற்று.

என் மனதுக்குப் பிடித்தது நம் பக்கத்து வழக்குதான். 2025 பிப்ரவரியில் கேரளத்தின் அடூரில், விடியற்காலை மூன்று மணிக்குக் கூவும் சேவலால் தூக்கமில்லை என்று ஒருவர் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தார். ஆர்.டி.ஓ. இரு தரப்பையும் விசாரித்தார், இடத்தையும் பார்த்தார். கூடு மாடியில் இருந்தது. மனுதாரருக்குத் தொல்லை உண்மை என்று தெரிந்தது. கோழி வளர்க்காதே என்று அவர் எழுதவில்லை. கூட்டை 14 நாளுக்குள் மனையின் தெற்குப் பக்கம் மாற்றிக் கட்டு என்று உத்தரவு போட்டார். பத்திரிகையில் எல்லோரும் தமாஷாக எழுதினார்கள். நான் அதை நான்கு முறை படித்தேன். எனக்குக் கொடுத்த கோப்பில் நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு அது. 14 நாளில் ஒரு அடை பொரிந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து மூவரும் வந்தார்கள். ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். வீட்டுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருந்தேன், சிங்கப்பூர்க் கணக்குப்படி. கூடு அடுத்தவர் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தெருவில் விடாமல் வலைகட்டி வளர்க்க வேண்டும். சேவலை இருட்டாக மூடி வைத்து, வெளிச்சம் வந்த பிறகு திறக்க வேண்டும். பிப்ரவரி முகாமில் எல்லாக் கோழிக்கும் ஊசி.

வங்கிக்காரர் படித்துவிட்டு, "இதுல தடைங்கிற வார்த்தையே இல்லையே சார்" என்றார். சிங்கப்பூர்க்காரர் பத்து என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, ஒன்றும் சொல்லாமல் தாளை அடுத்தவரிடம் தந்தார்.

வாத்தியார் தன் போனை எடுத்தார். "முனிசிபல் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு சார். பர்மிஷன் இல்லாம வளக்கவே கூடாதாம். அதப் போட்டு எழுதினா என்ன?"

அந்தச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை, 2023 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதுவும் நாம் இருப்பது ஊராட்சி, எந்த நகராட்சிச் சட்டமும் இங்கே செல்லாது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். "அந்த வரியைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க" என்றேன்.

படித்தார். நடுவில் நிறுத்தினார். "பன்னின்னுதான் சார் போட்டிருக்கு."

"ஆமாம்" என்றேன். "பன்னின்னுதான் போட்டிருக்கு."

தாளை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. என் மனைவி அன்றைக்கே பழைய சாக்கால் கூட்டுக்கு ஒரு திரை தைத்துவிட்டாள். சேவல் இப்போது ஐந்தே முக்காலுக்குக் கூவுகிறது.

போன கிருத்திகைக்கு மணவாளநல்லூர் போயிருந்தோம். முனியப்பர் சன்னதிக்குப் பக்கத்தில் பிராது எழுதிக்கொண்டிருந்த ஒருவரிடம், நாற்பது வருஷத்துக்கு முந்தினது ஒன்று இருக்கிறது, வாபஸ் வாங்க வழி உண்டா என்று கேட்டேன். "நீங்க கட்டுனதா?" என்றார். இல்லை, என்மேல் கட்டியிருக்கலாம் என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனுதாரருதாங்க வரணும். எதிர்மனுதாரர் வந்து வாங்க முடியாது."